கணினி கேள்வி-பதில்: கார்டுக்கு முன் போர்டைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, என்னுடையது ஐ5-4590 சிபியு, எச்81 மதர்போர்ட், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்ட் போட்ட பழைய மெஷின். புதிய கேம் எதைப் போட்டாலும் திணறுகிறது. திரை 1080பி. கையில் 60 ஆயிரம் ரூபா இருக்கிறது. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் புது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி எடுக்கச் சொன்னார்கள். நண்பன் பாவித்த ஆர்எக்ஸ் 580 போதும் என்கிறான். எதை எடுக்கலாம்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி.

6500 எக்ஸ்டி உங்கள் போர்டுக்கு ஒத்து வராது. 2022இல் வந்த அந்தக் கார்ட் நீளமான ஸ்லொட்டில் செருகினாலும் போர்டோடு தகவல் பரிமாறும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகளில் நாலைத்தான் பாவிக்கும், அதுவும் நாலாம் தலைமுறை வேகத்தை நம்பிச் செய்தது, உங்கள் எச்81 இரண்டாம் தலைமுறையோடு நின்றுவிட்டது. ஆக விநாடிக்கு 8 ஜிபி அளவில் தகவல் போக வேண்டிய இடத்தில் 2 ஜிபிதான் போகும். கார்டில் உள்ள 4 ஜிபி மெமரி நிரம்பும் வரை இது பெரிதாகத் தெரியாது. ஆனால் புதிய கேம்களில் அது சட்டென்று நிரம்பிவிடும், அப்புறம் ராமில் இருந்து இழுக்கத் தொடங்கும், படம் விக்கி விக்கித்தான் வரும். புதுப் பெட்டி, வொரண்டி எல்லாம் ஆசையாகத்தான் இருக்கும், என்ன செய்வது.

580க்கு 16 பாதை, 8 ஜிபி. அதில் குறை இல்லை. ஆனால் 185 வோட் தின்னும். உங்கள் பவர் சப்ளை என்னவென்று நீங்கள் எழுதவே இல்லை, அதுதான் எனக்குப் பயம். 750 டிஐக்கு 60 வோட் போதும், ஸ்லொட்டே 75 வரை கொடுக்கும் என்பதால், கேசிங்கோடு வந்த மலிவான சப்ளையை வைத்தே இத்தனை காலம் ஓட்டியிருக்கலாம். மூடியைக் கழற்றி லேபிளை வடிவாக வாசியுங்கள். மேலே 500 வோட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அதை விடுங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை அம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள், அதுதான் உண்மையான கணக்கு.

என் தேர்வு பாவித்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். 16 பாதை, 6 ஜிபி, 125 வோட், அநேகமான மொடல்களுக்கு ஒரே ஒரு 8 பின் வயர். 1060, 1070 மலிவாக வந்தாலும் தொட வேண்டாம். 10 வரிசைக்கும் உங்கள் 750 டிஐக்கும் புதிய கேம்களுக்கான டிரைவர் மென்பொருள் தருவதை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது, 16 வரிசை அதில் சேரவில்லை. மிச்சக் காசில் நல்ல பவர் சப்ளை ஒன்று, அது மட்டும் புதிதாக. இரண்டும் சேர்ந்து கைக்கு மிஞ்சினால் 75 வோட் ஜிடிஎக்ஸ் 1650 எடுங்கள், தனி வயர் கேட்காத மொடலாகப் பார்த்து. வேகம் குறையும், பழைய சப்ளையோடு சமாளிக்கலாம்.

காசைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. திணறும் கேமை 720பிக்கு இறக்கி ஓட்டுங்கள். நன்றாக ஓடினால் குற்றவாளி கார்ட்தான். மாற்றமே இல்லை, டாஸ்க் மேனேஜரில் சிபியு 100 வீதத்தில் நிற்கிறது என்றால் எந்தக் கார்டைப் போட்டும் பிரயோசனமில்லை. உங்கள் ஐ5க்கு நாலு கோர், நாலு திரெட்தான். அதே சொக்கெட்டில் பாவித்த ஐ7-4790 உட்காரும், எட்டுத் திரெட். ராமும் ஒற்றை 8 ஜிபி குச்சியாக இருந்தால் அதே வேகத்தில் இன்னொன்று போடுங்கள், இந்தப் போர்ட் 16 வரை தாங்கும்.

வாங்கும்போது யூனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி விலை கேளுங்கள், பிறகு இக்மன் விளம்பரத் தளத்தில் பாருங்கள். 1660 சூப்பர் கிரிப்டோ நாணய மைனிங்கில் நிறைய உழைத்த கார்ட். 2022 செப்டெம்பரில் எத்தீரியம் மைனிங் முடிந்ததும் அவை கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. அதனால் மட்டும் ஒதுக்க வேண்டாம், ஆனால் விற்பவரின் மெஷினில் கார்டை முழு வேலை வாங்கும் ஃபர்மார்க் மென்பொருளைக் கால் மணித்தியாலம் ஓடவிட்டுச் சூட்டையும் விசிறிச் சத்தத்தையும் கவனியுங்கள், போலிக் கார்ட் இல்லை என்று உறுதி செய்ய, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் ஷேடர் 1408 என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். கடற்கரைப் பக்க வீட்டுக் கார்ட் என்றால் ஆணியிலும் போர்ட்டுகளிலும் துருவைத் தேடுங்கள், நம் வெள்ளவத்தை உப்புக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: அலுவலகத்தில் கழித்த ஒல்லியான டெல் ஒப்டிபிளெக்ஸ் கணினி ஒன்று மகனுக்கு வாங்கினேன். கார்ட் போடலாமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: போடலாம் அக்கா, ஆனால் அரை உயரக் கார்ட் மட்டும்தான் உள்ளே போகும், அதைப் பின்பக்கம் பொருத்தும் குட்டைத் தகடும் கார்டின் பெட்டியில் இருக்க வேண்டும். பவர் சப்ளை டெல்லின் சொந்த வடிவம், கடையில் கிடைக்கும் சாதாரண சப்ளை பொருந்தாது. அதனால் தனி வயர் கேட்காத அரை உயர ஜிடிஎக்ஸ் 1650 தேடுங்கள். வாங்கும் முன் மகனைக் கொண்டு ஸ்லொட்டுக்குப் பக்கத்தில் எத்தனை சென்றிமீற்றர் இடம் இருக்கிறது என்று அளந்து கொள்ளுங்கள், அநேகமான மொடல்கள் இரண்டு ஸ்லொட் தடிப்பு.