கூன்வண்டுப் புழுவைக் கேட்க லோஹி சிப் தேவையா?

கேள்வி: தென்னைக்குள் சிவப்புக் கூன்வண்டுப் புழு கடிக்கும் ஓசையைக் கண்டறியும் கருவிதான் எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட். பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டும். மூளையைப் போல இயங்கும் சிப் என்றால் மின்சாரம் மிச்சமாகும் என்கிறார் எங்கள் வழிகாட்டி. இன்டெலின் லோஹி எங்கே கிடைக்கும்? (பொறியியல் மாணவி, பொள்ளாச்சி)

பதில்: கடையில் கிடைக்காது. 2017-இல் வந்த லோஹி, 2021-இல் வந்த லோஹி 2 இரண்டுமே ஆய்வுக்கான சிப்கள். உங்கள் வேலைக்கு அவை வேண்டியதும் இல்லை.

மின்சாரம் எங்கே மிச்சமாகிறது என்று முதலில் பாருங்கள். வழக்கமான கருவி நொடிக்கு 16,000 முறை ஒலியை அளந்து, சில மில்லி நொடிக்கு ஒருமுறை அதிர்வெண் கணக்கும் போடும். மரம் அமைதியாக இருந்தாலும் இந்த வேலை நிற்காது. நம் காது இப்படிக் கணக்குப் போடுவதில்லை. அதற்குள் அதிர்வெண்ணைப் பிரிப்பதே காக்ளியா என்ற நத்தைக்கூடு வடிவ உறுப்பின் சவ்வுதான்: அடிப்பகுதி கீச்சொலிக்கு அதிரும், உச்சிப்பகுதி கனத்த ஒலிக்கு. சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் அதைத் துடிப்புகளாக நரம்புக்குக் கொடுக்கின்றன. ரிச்சர்ட் லயன், கார்வர் மீட் என்ற ஆய்வாளர்கள் 1988-இல் இதையே அனலாக் சுற்றாகச் செய்துகாட்டினார்கள். (நிஜ செவி நரம்பு அமைதியிலும் கொஞ்சம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். அதை நாம் காப்பியடிக்க வேண்டாம்.)

பல மாணவர்கள் ஸ்பெக்ட்ரோகிராமை (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு என்ற படத்தை) முழுதாகக் கணக்கிட்டு, அதைத் துடிப்புகளாக மாற்றி, சாதாரண மைக்ரோகன்ட்ரோலரில் ஸ்பைக்கிங் நெட்வொர்க்கை (நரம்பைப் போல ஸ்பைக் எனும் துடிப்புகளால் இயங்கும் நியூரான் வலையை) ஓட்டுகிறார்கள். கேட்க ஒன்றுமே இல்லாத நேரத்திலும் புராசஸர் விழித்தே கிடக்கிறது. இதில் ஒரு மிச்சமும் இல்லை.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். மரத்தில் ஒரு ஸ்க்ரூவை இறக்கி, அதில் அதிர்வை மின்சைகையாக்கும் பீசோ சென்சாரைப் பொருத்துங்கள். அடுத்து குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர், ஃபில்டர், கம்பேரேட்டர். ஓசை எல்லையைத் தாண்டினால் மட்டும் கம்பேரேட்டர் கன்ட்ரோலரைத் தூக்கத்திலிருந்து எழுப்பட்டும். அந்த எழுப்பல்தான் உங்கள் ஸ்பைக்.

காற்றில் மட்டை உரசினாலும் அது எழும்தான். ஆனால் புழு கடிக்கும்போது சில மில்லி நொடிச் சொடுக்குகள் கொத்துக் கொத்தாக வரும். இங்கேதான் நிரலில் எழுதும் கசியும் நியூரான் கைகொடுக்கிறது. அது ஓட்டைக் குடம் மாதிரி: அடுத்தடுத்து ஊற்றினால்தான் நிரம்பும், விட்டுவிட்டு ஊற்றினால் வடிந்துவிடும். கசியும் வேகம் வெவ்வேறாக உள்ள நான்கைந்து நியூரான்களோடு தொடங்குங்கள். மடிக்கணினியில் பயிற்சி கொடுத்துவிட்டு, எடைகளை (பயிற்சியில் கிடைத்த எண்களை) மட்டும் கன்ட்ரோலருக்கு மாற்றுங்கள். கூடவே, ஒரு நொடிக்குள் வந்த சொடுக்குகளை வெறுமனே எண்ணும் நிரல் ஒன்றையும் எழுதிப் பாருங்கள். அதுவே போதும் என்று தெரிந்தால் தயங்காமல் அறிக்கையில் எழுதுங்கள். நல்ல தேர்வாளர் மதிப்பார்.

பதிவுகளை இரவில், காற்றும் வண்டிச் சத்தமும் அடங்கிய நேரத்தில் தொடங்குங்கள். பிறகு பகல் பதிவுகளையும் சேருங்கள். பயிற்சிக்கு எடுத்த மரத்தைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். மின்னோட்டத்தைத் தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் தனித்தனியே அளந்து, ஒரு நாளில் எத்தனை முறை விழித்தது என்பதையும் குறித்து வையுங்கள். பேட்டரி எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கை அதிலிருந்துதான் போட முடியும்.