கேள்வி நேரம்: மென்பொருள் சந்தேகப்பட்டால் ஆடிட்டர் என்ன செய்வது?

கேள்வி: தணிக்கைப் பயிற்சியில் இருக்கிறேன். வருஷக் கணக்கு முழுவதையும் மென்பொருளில் ஏற்றினால் வழக்கத்துக்கு மாறான பதிவுகளை அதுவே எடுத்துக் கொடுத்துவிடும் என்கிறார்கள். அப்படியென்றால் மாதிரி எடுத்துச் சரிபார்க்கும் வேலை இனி கிடையாதா?

பதில்: இருக்கிறது. மென்பொருள் எல்லா வரியையும் படிக்கும், உண்மைதான், ஆனால் பில்லில் உள்ள சரக்கு கிடங்குக்கு வந்ததா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் கேட்பதைத்தான் அது தேடும், அதனால் கேட்கத் தெரிய வேண்டும்.

முதல் காரியம், கைக்கு வந்த தரவின் மொத்தம் பேரேட்டு மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மறைக்க நினைக்கிறவர் அந்த வரிகளை உங்களுக்கு அனுப்பாமலே விட்டிருக்கலாம், அப்புறம் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அடுத்தது ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போன கதை. 1047 என்ற பில் இன்னொரு நாள் 1047-ஏ என்றோ, முன்னால் ஒரு சுழியம் சேர்ந்தோ பதிவாகியிருக்கும், எண்ணை அப்படியே ஒப்பிட்டால் இரண்டும் வேறு பில். எழுத்து, கோடு, முன்சுழியம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, சப்ளையரும் தொகையும் ஒன்றா என்று தேடுங்கள். அப்புறம் ஒப்புதல் வரம்பு. 50,000க்கு மேல் போனால் மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்றால், 49,000க்கும் 50,000க்கும் நடுவே எத்தனை பில் குவிந்திருக்கிறது என்று பாருங்கள், ஒரே சப்ளையருக்கு ஒரே நாளில் போனதையும் கூட்டிப் பாருங்கள். ஊழியர்களின் வங்கிக் கணக்கு எண்ணையும் சப்ளையர்களின் எண்ணையும் பொருத்திப் பார்ப்பதை மட்டும் எக்காரணத்துக்காகவும் விடாதீர்கள். ஊழியரே போலி சப்ளையர் பேரில் பணம் வாங்கினால் அதில்தான் தெரியும். பெரும்பாலும் ஒன்றும் வராது, வந்தால் பெரிதாகத்தான் வரும்.

கேள்வி: பென்ஃபோர்ட் விதியை வைத்து மோசடியைப் பிடிக்கலாமாமே? நம்பும்படி இல்லை.

பதில்: கேட்க மந்திரம் மாதிரித்தான் இருக்கும், ஆனால் கணக்கு சரி. இயல்பாக உருவாகும் தொகைகளில் ஏறக்குறைய 30.1% எண்கள் 1இல் தொடங்கும், 9இல் தொடங்குபவை 4.6% மட்டுமே. வானியலாளர் சைமன் நியூகோம்ப் 1881இலேயே கவனித்தது, 1938இல் இயற்பியலாளர் பிராங்க் பென்ஃபோர்ட் விரிவாகக் காட்டியதால் அவர் பெயர் நின்றுவிட்டது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1993இல் ஒரு வழக்கு. கருவூல அலுவலக மேலாளர் ஒருவர் இல்லாத சப்ளையர் பேரில் 23 காசோலை போட்டார், மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். 90,000 என்பது போன்ற முழுத்தொகை எதுவும் இல்லை, ஒரே தொகை இரண்டு முறை வரவும் இல்லை, பார்க்க இயல்பாக இருக்கட்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு லட்சம் டாலரைத் தொடாமல் பார்த்துக்கொண்டதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 7, 8, 9இல் தொடங்கிவிட்டன.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றிலும் அந்த விதியைப் போட்டுப் பார்க்காதீர்கள். மாதச் சந்தா 950 என்று வைத்திருக்கிற நிறுவனத்தில் 9 எகிறத்தான் செய்யும், அதில் குற்றம் ஒன்றுமில்லை. மேல்வரம்பு கீழ்வரம்பு கட்டிய தொகைகளுக்கும், வரிசையாகக் கொடுத்த எண்களுக்கும், சில நூறு வரிகளே உள்ள கணக்குக்கும் இது ஒத்துவராது. அரிசோனாவில் 23 காசோலையிலேயே தெரிந்தது, சாய்வு அவ்வளவு அப்பட்டமாக இருந்ததால்தான்.

கேள்வி: நான்காயிரம் வரி சந்தேகப் பட்டியலாக வந்து நிற்கிறது. எல்லாவற்றுக்கும் வவுச்சர் கேட்டால் கணக்குப் பிரிவினர் அடிக்க வருவார்கள்!

பதில்: கேட்காதீர்கள், பாவம் அவர்கள். முதலில் காரணம் வாரியாகப் பிரியுங்கள். விடுமுறை நாள் பதிவு ஆயிரம் இருந்தால் அதில் பல கணினியே இரவில் தானாகப் போட்டதாக இருக்கலாம், பதிந்தவர் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த வகையில் சிலவற்றைச் சோதித்து, காரணத்தை எழுதிவைத்துவிட்டு ஒதுக்குங்கள். மிச்சத்தில், ஒரு சோதனையில் மட்டும் சிக்கியது பின்னால் போகட்டும், மூன்று நான்கில் சிக்கியது முன்னால் வரட்டும். வருஷக் கடைசியில், வழக்கமாகப் பதியாத ஒருவர், விவரமே எழுதாமல், வருமானத்தை ஏற்றிப் போட்ட ஜர்னல் என்ட்ரி (பில் வழியாக அல்லாமல் கணக்கில் நேராகப் போடும் பதிவு) ஒன்று இருந்தால் மற்றதை வைத்துவிட்டு அதை எடுங்கள். ஜர்னல் என்ட்ரிகளைச் சோதிக்கச் சொல்லி சர்வதேசத் தணிக்கைத் தரநிலை 240 கட்டாயமாக்கியிருப்பதே, நிர்வாகம் கட்டுப்பாடுகளை மீறுவது பெரும்பாலும் அந்த வழியில்தான் என்பதால்.

கேள்வி: எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது? எக்செல் போதுமா?

பதில்: ஆரம்பத்துக்குத் தாராளம். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசை வரைதான் கொள்ளும், அதற்கு மேல் போனால் ஐடியா, ஏசிஎல் போன்ற தணிக்கை மென்பொருளோ பைத்தான் நிரல்மொழியோ தேவைப்படும். ஒரு விஷயம் மட்டும் எச்சரிக்கை: எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், பதினாறாவதிலிருந்து சுழியமாக்கிவிடும். நீளமான வங்கிக் கணக்கு எண்களைக் கோப்பைத் திறக்கும்போதே டெக்ஸ்ட் என்று சொல்லி ஏற்றுங்கள். அப்படி ஏற்றிய பிறகும் கவுன்ட்இஃப் (ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் எக்செல் சூத்திரம்) அவற்றை எண்ணாகவே எடுத்துக்கொண்டு, முதல் 15 இலக்கம் ஒத்துப்போனாலே டூப்ளிகேட் என்று சாதிக்கும். ஒரு ஊழியரின் எண்ணும் சப்ளையரின் எண்ணும் ஒன்று என்று யார் முன்னாலும் சொல்வதற்கு முன், இரண்டையும் கடைசி இலக்கம் வரை கண்ணால் பார்த்துவிடுங்கள்.