அந்தச் சித்தி யார்?

கேள்வி: என் அம்மா பத்திரமாக வைத்திருந்த ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. மூன்றடிக்கு நாலடி. தாத்தா வட கர்நாடகத்தில், ஹளியாள் ஊரில் மர டிப்போவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, 1961-ல் அம்மா அங்கேதான் பிறந்தார். போர்வையைப் பற்றிக் கேட்டால், "சித்தி தச்சுக் குடுத்தது, பாட்டி சொல்வா" என்பார். ஆனால் பாட்டிக்குத் தங்கையே கிடையாது. தாத்தாவுக்கும் தம்பி இல்லை. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. யார் தைத்தது, எப்படிக் குறித்து வைப்பது?
- வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய மூலைப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த முக்கோண அடுக்குக்குப் பெயர் 'பூலா'. பூ என்று அர்த்தம். பூலா வைக்காமல் போர்வை முடிந்ததாக அவர்கள் நினைப்பதில்லை. அவர்கள் என்றால் சித்தி மக்கள். போர்ச்சுக்கீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, தப்பி வந்து உத்தர கன்னடக் காடுகளில் குடியேறிய ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு பக்கம் இன்றும் வாழ்கிறார்கள். பாட்டி சொன்னது இந்தச் சித்தியைத்தான் என்று நினைக்கிறேன். குழந்தை காதில் அது சின்னம்மா சித்தியாக விழுந்திருக்கும்!

இந்தப் போர்வையை அவர்கள் 'கவந்தி' என்பார்கள். அடியில் ஒரு பழைய புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி உள்ளே தைத்துக்கொண்டு போவார்கள். தையல் கடைசியில் நடுவில் வந்து முடியும். உங்கள் போர்வையைத் திருப்பிப் போட்டு, முதுகுப்பக்கத் தையல் வரிசையை விரலால் பின்தொடர்ந்து பாருங்கள். சதுரத்துக்குள் சதுரமாக நடுவுக்குப் போகிறதா? போனால் என் ஊகத்துக்கு அது பெரிய பலம்.

வயதைப் பொறுத்தவரை, முதலில் தைத்த துணிகளில் மிகப் புதியது எதுவோ, அதற்கு முந்தியதாகப் போர்வை இருக்க முடியாது. படத்தில் வலது ஓரம் ஒரு பளபளப்பான துண்டு தெரிகிறது. டெரிலின் என்ற செயற்கை இழைத் துணியாக இருக்கலாம். அது நம் வீடுகளுக்குள் வந்ததே அறுபதுகளின் பிற்பாதியில்தான். பிரிந்து நிற்கும் ஓர் இழையை எடுத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், டெரிலின் உருகிக் கெட்டி உருண்டையாகும். ஆனால் அந்தத் துண்டை மட்டும் சிவப்பு நூலில் தைத்திருக்கிறது, மற்றதெல்லாம் வெள்ளை நூல். பிற்பாடு யாரோ, ஒருவேளை உங்கள் பாட்டியே, போட்ட ஒட்டு அது. அதை வைத்து வயது கணக்கிட வேண்டாம்.

நடுவில் இருக்கும் சுங்குடித் துண்டைப் பாருங்கள். புள்ளிகள் ஒரே அளவில் இல்லை. கையால் முடிச்சுப் போட்ட மதுரைச் சுங்குடி. ஹளியாளில் அது பாட்டியின் புடவையாகத்தான் இருக்கும். துணி பாட்டியுடையது, கை இன்னொருத்தியுடையது. இரண்டையும் எழுதி வையுங்கள்.

காலையில் ஜன்னல் ஓரம் விரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படம் எடுங்கள். அப்போதுதான் தையல் மேடு தெரியும். முழுசாக ஒன்று, மூலைகள் நான்கு, நடு, முதுகு. பக்கத்தில் தையல் டேப் இருக்கட்டும். அப்புறம் வீட்டில் வயதானவர் யார் இருந்தாலும் அவர் கையில் போர்வையைக் கொடுத்து, "இது யார் சட்டை, இது யார் பாவாடை" என்று கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். துணியைத் தொட்டால்தான் ஞாபகம் வரும்.

துவைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். என் அம்மாவின் விரிப்பை நான் மெஷினில் போட்டேன், நூலும் கந்தலும்தான் வெளியே வந்தது. இன்னும் மனசு ஆறவில்லை. பிளாஸ்டிக் பையும் வேண்டாம். பழைய வெள்ளை வேட்டியில் சுருட்டி வையுங்கள்.

முதுகுப்பக்கம் ஒரு பருத்தி நாடாவில் சாயம் போகாத பேனாவால் எழுதித் தையுங்கள்: ஹளியாள், 1961 வாக்கில், சித்திப் பெண் தைத்தது, பெயர். பெயருக்குப் பக்கத்தில் நாலு விரற்கடை இடம் விடுங்கள். ஹளியாளுக்கு ஒரு தடவை போய் வாருங்கள், மூலைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக்கொண்டு.