சபோதெக் கலயத்தை வினிகரில் கழுவலாமா?

வேண்டாம், தண்ணீரும் படக்கூடாது. சபோதெக் கலயம் என்பது மெக்சிகோவின் பழங்குடியினரான சபோதெக் மக்கள் செய்த, முன்பக்கம் தெய்வ உருவம் கொண்ட சுடுமண் குடுவை. உங்கள் கலயத்தில் வெள்ளைப் படிவும் சிவப்புத் தூளும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த வெள்ளைப் படிவு மண்ணில் கிடந்து ஏறிய சுண்ணாம்பாக இருக்கலாம். வினிகர் பட்டால் அது கரைந்து, கலயத்தின் வயதைச் சொல்லும் ஒரு சாட்சியம் போய்விடும். சிவப்புத் தூள் இன்னும் முக்கியம். சபோதெக் மக்களின் பகுதியான வஹாக்காவில் இவற்றைச் சுட்ட பிறகே நிறம் பூசினார்கள், அதனால் துடைத்தாலே உதிரும். அது பாதரசம் கலந்த சிந்தூரமாகவும் இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பிளவுபட்ட நாக்கு இருப்பதால் அந்த உருவம் சபோதெக் மழைத் தெய்வம் கொசிஹோ என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த போலிகளிலும் அந்த நாக்கு உண்டு, அருங்காட்சியகங்களே ஏமாந்திருக்கின்றன. முகத்தை விட்டுவிட்டு முதுகுப் பக்க உருளைக் குடுவையையும், அது உருவத்தோடு ஒட்டும் இடத்தையும் படமெடுத்துப் போடுங்கள்.

உறுதியாகத் தெரிய வெப்ப ஒளிர்வுச் சோதனை வேண்டும்; சுட்ட பிறகு கலயத்தில் சேர்ந்த கதிர்வீச்சை அளந்து வயதைச் சொல்லும் சோதனை அது. அடிப்பாகத்தில் மங்கிய சிவப்பு விளக்கொளியில் துளையிட்டுச் சிறிது தூள் எடுப்பார்கள். அதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துவிடாதீர்கள். அந்தக் கதிர்வீச்சும் கணக்கில் சேர்ந்து வயதைக் கூட்டிக் காட்டும்.