போரில் இறந்த நண்பனின் தாயிடம் அவனைப் பற்றிப் பேசலாமா?

ராணுவத்தில் இருந்த பள்ளி நண்பன் இறந்து ஓராண்டு ஆகிறது. அவன் தாயைப் பார்க்கப் போனால் அவனைப் பற்றிப் பேசலாமா, அது ஆறிய புண்ணைக் கிளறுவதாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேசுங்கள். நீங்கள் இந்த ஓராண்டும் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போயிருப்பீர்கள், வாசல்வரை போய்த் திரும்பியும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பேச வந்த ஒருவரை வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பியவள் நான். அதனால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டியிலிருந்து எழுமலை செல்லும் சாலையில் இருக்கிறது. என் அண்ணன் பீரங்கிப் படையில் வயர்லெஸ் இயக்குபவராக இருந்தார். பீரங்கிகள் பள்ளத்தாக்கில் நிற்க, குண்டு எங்கே விழ வேண்டும் என்று பார்த்துச் சொல்வதற்காக ஓர் அதிகாரியும் வயர்லெஸ் பெட்டியைச் சுமக்கும் சிலரும் காலாட்படையோடு சேர்ந்து மலையேறுவார்கள். அப்படி ஏறியவர், 1999 ஜூலை முதல் வாரத்தில், கார்கில் போரில் திராஸ் பகுதியில் இறந்தார். வயது 23. அந்தப் போரில் நம் தரப்பில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன என்று எங்கே படித்தாலும், அவற்றில் எத்தனை அவர் குரலைக் கேட்டுப் புறப்பட்டனவோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

1971 போரில் இறந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்குத் தந்தியும் அவருடைய இரும்புப் பெட்டியும் மட்டுமே வந்தன. கார்கிலில் இறந்தவர்களை ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே 29 அன்று படாலிக்கில் வீழ்ந்தும் அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதைச் செய்தித்தாளில் படித்திருந்த அப்பா, மகன் முகத்தைப் பார்க்க முடிந்ததே என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் பகுதியில் சண்டையில் பட்டு விழுந்தவருக்குக் கல் நட்டுப் பட்டவன் சாமி என்று கும்பிடும் வழக்கம் உண்டு. அது இன்று நேற்று வந்ததல்ல. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகல், கூடல் ஊரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடுகளைக் கவரும் சண்டையில், இறந்த ஒருவனுக்காக 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது. அவன் பெயர், ஊர், நடந்த பூசல் ஆகிய மூன்று மட்டும்தான் அதில் இருக்கின்றன. அண்ணனுக்கும் அப்படிக் கல் நடலாம் என்று பங்காளிகள் வந்து கேட்டபோது அம்மா மறுத்துவிட்டார். “சாமியாக்கிட்டா அவனை வாடா போடான்னு நான் எப்படிக் கூப்பிடுவேன்?” என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

பிறகு பேருந்து நிறுத்தத்தில் மார்பளவுச் சிலை வைத்தார்கள். திறந்து வைத்தவர்கள் பெயரெல்லாம் கல்வெட்டில் பிழையில்லாமல் இருந்தது. அண்ணனின் தலைப்பெழுத்து மட்டும் தவறாக இருந்தது. அந்த ஒற்றை எழுத்தைத் திருத்த அப்பா மூன்று ஆண்டுகள் மனுக் கொடுத்து அலைந்தார். இன்றும் கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 அன்று மாலை போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். இருபதடி தள்ளியிருக்கும் வீட்டுக்குள் வந்து அம்மாவைப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

வீட்டுக்குள் நாங்கள் செய்தது அதைவிட மோசம். முதல் ஆண்டுத் திதி முடிந்த பிறகு, அம்மாவின் முன்னால் அண்ணன் பெயரை எடுப்பதில்லை என்று, யாரும் சொல்லாமலே நாங்கள் எல்லாரும் முடிவுகட்டிக்கொண்டோம். அண்ணனுக்குப் பிடித்த பாட்டு வந்தால் நான் வானொலியை நிறுத்திவிடுவேன். 2001-இல் ஒருநாள், அண்ணனோடு பத்தாம் வகுப்புவரை படித்த நண்பர் மஞ்சள் பையோடு வாசலில் வந்து நின்றார். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க இரண்டு பேரும் வீட்டுக்குத் தெரியாமல் லாரி ஏறி மதுரைக்குப் போன கதையை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றார். அம்மா தாங்க மாட்டார் என்று சொல்லி அவரைப் போகச் சொன்னேன். பையில் என்ன இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

2011-இல், படையிலிருந்து ஓய்வு பெற்ற தர்மபுரிக்காரர் ஒருவர் வந்தார். அண்ணனோடு மலையேறியவர். வெகுநேரம் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, அண்ணனின் வீரத்தைப் பற்றி ஆரம்பித்தார். நான் வழக்கம்போல் கண்ணால் ஜாடை காட்டினேன். அதற்குள் அம்மா, “குளிருச்சாய்யா அவனுக்கு?” என்று கேட்டார்.

மார்கழிப் பனிக்கு மேல் குளிர் அறியாத ஊரில் பிறந்து வளர்ந்தவர், பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வந்தவர் தலைகுனிந்து, “குளிருச்சும்மா. பொய் சொல்ல மாட்டேன். கடைசி ராத்திரி ரெண்டு பேரும் முதுகோட முதுகு ஒட்டித்தான் உக்காந்திருந்தோம். குளிர்ல பேட்டரி செத்துப்போயிரும்னு அதச் சட்டைக்குள்ள வச்சுக் கட்டிக்கிட்டிருந்தான்” என்றார்.

அம்மா எழுந்து அவருக்குப் பின்னால் போய், அவர் முதுகில் உள்ளங்கையை விரித்து வைத்தார். எடுக்கவே இல்லை. அவர் அழுதார்; அம்மா அழவில்லை. “மழையில நனைஞ்ச கோழிக்குஞ்சையும் இப்பிடித்தான் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு வருவான்” என்றார். அன்று விளக்கு வைக்கும்வரை அண்ணனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அதில் பாதி நான் கேட்டறியாதது.

நான் மனநலம் படித்தவள் அல்ல. எல்லாத் தாய்மார்களும் ஒரேமாதிரி இருப்பார்கள் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று அவரே சொன்னால் நிறுத்திவிடுங்கள். ஆனால் நினைவு நாளன்று மட்டும் போகாதீர்கள். அன்று வீடு நிறைய ஆள் இருக்கும். சாதாரண நாளில், மத்தியான நேரத்தில் போங்கள். வீரன், தியாகி என்று தொடங்க வேண்டாம், அதைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அவன் உங்களிடம் கடன் வாங்கியதையும், ஆசிரியரிடம் அடி வாங்கியதையும், வீட்டுக்குத் தெரியாமல் செய்ததையும் சொல்லுங்கள். அந்தத் தாயிடம் மகனைப் பற்றி இருப்பது இருபது சொச்சம் ஆண்டுகளின் நினைவு. அதில் அவருக்குத் தெரியாத ஒரு நாள் உங்களிடம் இருக்கிறது.

மஞ்சள் பையோடு வந்த அந்த நண்பரைப் பிறகு தேடினேன். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. சென்ற ஆண்டுதான், அவரைத் திருப்பி அனுப்பியதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. அம்மா முறத்திலிருந்து நிமிரவில்லை.

“தெரியும். அவன் குரலைக் கேட்டுத்தான் அன்னிக்கு அடுப்புல பால் வச்சேன்” என்றார்.