பாங்காக்கில் ஒரு சனிக்கிழமை: 20,000 ரூபாய் போதுமா?

கேள்வி: நானும் மனைவியும் முதல்முறையாக வெளிநாடு போகிறோம், பாங்காக்குக்கு. ஒரு சனிக்கிழமை முழுவதையும் சதுசாக் சந்தைக்கு ஒதுக்கியிருக்கிறோம். சாப்பாட்டுக்கும் பரிசுப் பொருட்களுக்கும் சேர்த்து 20,000 ரூபாய். வாங்கித்தர வேண்டியவர்கள் 14 பேர். டெபிட் கார்டு மட்டும் போதுமா? தங்கச் செயின் ஒன்று அங்கேயே வாங்கலாமா? வரியைத் திருப்பித் தருவார்களாமே? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பணம் போதும். ஆனால் கார்டு மட்டும் போதாது. சந்தைக் கடைகளில் பெரும்பாலும் ரொக்கம்தான், இல்லாவிட்டால் அந்த ஊர் வங்கிக் கணக்கில் ஓடும் க்யூஆர். கார்டை நம்பிப் போய்விட்டு அவசரத்துக்கு ஏடிஎம்மைத் தேடினால், வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணம் பிடிப்பார்கள், சில இயந்திரங்களில் அதற்கும் மேல். 1,000 பாட் எடுக்க 220 பாட் தண்டம் என்றால் யோசித்துப் பாருங்கள், அதற்கு இரண்டு பேரும் வயிறார ஒரு வேளை சாப்பிடலாம். அதோடு நம் வங்கியும் அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று 3.5 சதவீதம் வரை போட்டு, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்க்கும். 10,000 ரூபாய்க்கு 413 ரூபாய் அப்படியே போய்விடும்.

அதனால் அன்றைய செலவுக்கான பாட்டை முன்கூட்டியே மாற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் வந்து இறங்கும் தளத்தில் மாற்றாதீர்கள்; கீழ்த்தளத்தில், நகர ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் கவுண்டர்களில் விலை நன்றாக இருக்கும். பெரிய கடையில் கார்டு தேய்க்க நேர்ந்தால் இயந்திரத்தின் திரையில் ஒரு பக்கம் ரூபாய், ஒரு பக்கம் பாட் என்று இரண்டு தொகை வரும். ரூபாய் தெரிந்த காசாயிற்றே என்று அதை அழுத்திவிடாதீர்கள். அங்கே அவர்கள் வைப்பதுதான் மாற்று விலை, நமக்கு நஷ்டம். பாட்டையே அழுத்துங்கள்.

கணக்குக்கு ஒரு பாட் மூன்று ரூபாய் என்று வைத்தால் உங்களிடம் சுமார் 6,600 பாட். அதில் 1,500 பாட்டைச் சாப்பாட்டுக்கென்று தனிக் கவரில் போட்டுவிடுங்கள், பரிசு வாங்க அதைத் தொடவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஊரில் இருப்பவர்களுக்கு வாங்கி வாங்கித் தங்கள் வயிற்றில் மிச்சம் பிடிக்கிறார்கள். அந்த வெயிலில் நடந்து களைத்த பிறகு, இளநீர் ஓட்டிலேயே வழுக்கையைச் சுரண்டிப் போட்டு, மேலே தேங்காய்ப்பால் ஐஸ்கிரீமும் வறுத்த வேர்க்கடலையும் தூவித் தருவார்கள் பாருங்கள், அதை இருவரும் ஆளுக்கொன்று சாப்பிட வேண்டும். பக்கத்திலேயே ‘ஓர் டோர் கோர்’ என்ற சந்தை இருக்கிறது, விலை கொஞ்சம் கூட என்றாலும் பழங்களின் தரத்துக்கு அங்கேதான் போக வேண்டும். மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் அங்கே சாப்பிடுங்கள்.

மீதி 5,100 பாட், 14 பேருக்கு. ஆளுக்கு 360 பாட் வரை வருகிறது, தாராளம். ஒரே பை, ஒரே யானைப் படம் போட்ட கால்சட்டை பத்துக் கடைகளில் இருக்கும், முதல் கடையிலேயே வாங்காதீர்கள். மூன்று நான்கு சேர்த்து எடுத்தால் கடைக்காரரே கால்குலேட்டரில் விலையைக் குறைத்து அடித்துக் காட்டுவார். பிடித்த கடையின் பகுதி எண்ணையும் சந்து எண்ணையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள், அந்தச் சந்தையில் திரும்பத் தேடிக் கண்டுபிடிப்பது லேசில்லை. உலர்ந்த மாம்பழம், தைலம், மூக்கில் உறிஞ்சும் மூலிகைக் குப்பி எல்லாம் எடையும் குறைவு, பெரியவர்களுக்கும் பிடிக்கும். புத்தர் சிலை மட்டும் வேண்டாம், நாட்டை விட்டு எடுத்துச் செல்ல அவர்களுடைய நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும்.

வரியைத் திருப்பித் தருவது சந்தைக் கடைகளில் கிடையாது. அதற்கான பலகை வைத்திருக்கும் கடையில், ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கியிருக்க வேண்டும். மால்களில் வாங்கினால் பாருங்கள், இந்தத் தொகைக்காக அங்கே போக வேண்டாம்.

அப்புறம் செயின். பாங்காக்கின் சீனர் பகுதியான யாவோராட்டின் நகைக் கடைகளில் விற்பது 96.5 சதவீதத் தங்கம், நம் 22 காரட்டைவிடச் சுத்தம், அது உண்மை. ஆனால் சில நாள் சுற்றுலா போய்த் திரும்புகிறவருக்குத் தங்கத்தில் வரிச் சலுகை கிடையாது. அது ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான். சுங்கத்தில் சொல்லி வரி கட்டியாக வேண்டும். நம் ஊர் ஹால்மார்க்கும் அதில் இருக்காது, பின்னால் விற்கப் போனால் உரசிப் பார்த்து விலை பேசுவார்கள். செயினைக் கோயம்புத்தூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.