கல்யாணத்துக்கு முன் எழுதிய சொத்து ஒப்பந்தத்தை விவாகரத்தில் எதிர்க்க முடியுமா?

ஆஸ்திரேலியாவில் இருக்கிறீர்கள், கல்யாணத்துக்கு முன் கையெழுத்திட்ட சொத்து ஒப்பந்தம் அநியாயமாக இருக்கிறது, இப்போது அதை எதிர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதிர்க்கலாம். ஆனால் அநியாயம் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன்.

என் வக்கீல் முதல் நாளே குறுக்கிட்டார். "ஒப்பந்தம் மோசமா இல்லையா என்பது அப்புறம். எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது, என்றைக்குக் கையெழுத்து, என்றைக்குக் கல்யாணம்?" வந்தது கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு. அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து இறங்கியாயிற்று, மண்டபத்துக்கு முழுப் பணமும் கட்டியாயிற்று. அதைச் சொன்ன பிறகுதான் அவர் பேனாவை எடுத்தார்.

உங்களுக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் இங்கே ஒப்பந்தத்தை ரத்து செய்ய மாட்டார்கள். மோசடி, சொத்தை மறைத்தது, தகாத அழுத்தம், ஒருவரின் இக்கட்டைப் பயன்படுத்திக்கொண்டது போன்ற காரணம் வேண்டும்.

2017-இல் ஹைகோர்ட் தீர்த்த தோர்ன் எதிர் கென்னடி வழக்கைப் படியுங்கள். (பெயர் ஹைகோர்ட் என்றாலும் இங்கே அதற்கு மேல் கோர்ட் கிடையாது. கட்சிக்காரர் பெயர்களும் புனைபெயர்களே.) மாப்பிள்ளை 67 வயது கோடீஸ்வரர். இணையத்தில் பழகி, வெளிநாட்டிலிருந்து வந்த மணப்பெண்ணுக்கு 36 வயது. கையெழுத்துப் போடாவிட்டால் கல்யாணம் இல்லை என்றார் மாப்பிள்ளை. பெண்ணின் பெற்றோர் வந்துவிட்டார்கள், கல்யாணத்துக்கு நாலே நாள். ஒப்பந்தப்படி, மூன்று வருடத்துக்குள் பிரிந்தால் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, அதற்குப் பிறகு பிரிந்தால் 50,000 டாலர், விலைவாசிக்கு ஏற்ற உயர்வோடு. போடாதீர்கள் என்று தன் வக்கீலே தடுத்தும் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொன்றிலும் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டுமே செல்லாது என்றது கோர்ட்.

எனக்குப் பெரிய ஆறுதல் அந்த வக்கீல் விஷயம்தான். "வக்கீல் எச்சரித்தும் போட்டோமே, இனி எந்த முகத்தோடு போய்க் கேட்பது" என்று ஒரு வருடம் குமைந்துகொண்டிருந்தேன். அந்த வழக்கிலோ, அவ்வளவு மோசம் என்று தெரிந்தும் போட்டார் என்பதே அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதைக் காட்டியது. ஆகவே உங்கள் வக்கீல் அப்போது எழுதிய கடிதத்தை ஒளித்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஒப்பந்தம் விழுந்தால் உடனே பாதி சொத்து வந்துவிடாது. வழக்கமான சொத்துப் பங்கீடு அதற்கப்புறம்தான் தொடங்கும். யார் என்ன கொண்டுவந்தார்கள், யார் எவ்வளவு உழைத்தார்கள், இனி யாருக்கு என்ன தேவை என்று அங்கே தனியாகப் பார்ப்பார்கள்.

என் விஷயம் கோர்ட் வரை போகவில்லை. மின்னஞ்சல்களைத் தேதிவாரியாக அடுக்கி அனுப்பியதும் எதிர்த்தரப்பே பேச வந்தது. நீங்களும் பழைய மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் இன்றைக்கே பிரதி எடுத்து வையுங்கள். கோபத்தில் பாதியை அழித்துவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு போதும்.